களம் விட்டு நீங்கும் நாள்

ஹாக்கி ஆட்டத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் பதக்கங்களையே எண்ணுகின்றனர். 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் தொடங்கி 1980ஆம் ஆண்டு மாஸ்கோ வரையில் நம் நாடு ஒலிம்பிக் பந்தயங்களில் எட்டு முறை தங்கம் வென்றது என்பது பள்ளிச் சிறுவரும் அறிந்த செய்தி. எந்த ஆண்டில் எவர் அணித்தலைவர், இறுதி ஆட்டத்தில் கோல் போட்டவர் எவர் என்பனவெல்லாம் ஏடுகளில் ஒழுங்காகப் பதிவாகியுள்ளன. ஆனால் அவ்வீரர் எந்நாளில், எக்காரணத்தால் மட்டையைக் கீழே வைத்தனர் என்று வினவினால், ஏடுகள் வாய்மூடி நிற்கின்றன. வந்த வழியை எழுதியவர்கள் போன வழியை எழுதவில்லை. அவ்வழியைச் சிறிது நேரம் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்குப் பெங்களூரின் காக்ஸ் டவுன் வட்டாரத்தைத் தொடக்க இடமாகக் கொள்வோம்.

காக்ஸ் டவுனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஆங்கிலேயரின் படைகள் முதலில் சீரங்கப்பட்டணத்தில் தங்கியிருந்தன. அங்கே பரவிய காய்ச்சல் போர்வீரரை வாட்டவே, நல்ல தட்பவெப்பம் நாடிப் பெங்களூரில் 1809ஆம் ஆண்டளவில் பாளையம் அமைக்கப்பட்டது. அதனை அவ்வூர் மக்கள் 'தண்டு' என்று வழங்கினர். படையோடு வட ஆர்க்காட்டிலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் வணிகரும் தொழிலாளரும் வந்து குடியேறினர். பின்னர் 1898ஆம் ஆண்டில் பிளேக் நோய் நகரைச் சூறையாடியது. நெருக்கமான தெருக்களை விட்டு விலகி, அகன்ற சாலைகளும் காற்றோட்டமான மனைகளும் கொண்ட புதிய குடியிருப்புகள் பாளையத்தின் வடபுறத்தில் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. பிரேசர் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன், குக் டவுன் ஆகியவற்றின் வரிசையில் சேர்ந்ததே பாளையத்தின் கலெக்டராயிருந்த காக்ஸ் என்பாரின் பெயர் தாங்கிய காக்ஸ் டவுன். ஆகவே உடல்நலத்தை நாடிப் பிறந்த ஊர்ப்பகுதி இது எனலாம். உடல்நலம் குன்றி ஆட்டம் துறந்தோரைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் வேறு எது?

இவ்வட்டாரத்திற்கு அண்மையில் அல்சூர் ஏரியும், அதன் புறத்தே சென்னைப் பொறியாளர் படையின் நிலையமும் உள்ளன. 1780ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்ட அப்படையின் வீரரை இராணுவத்தார் இன்றும் 'தம்பிகள்' என்றே அழைக்கின்றனர். படைமுகாம்களில்தான் ஹாக்கி நம் நாட்டில் முதலில் வேரூன்றியது. பாளையத்தில் திடல்களுக்குக் குறைவில்லை. மாலை வேளைகளில் சிப்பாய்கள் ஆடினர். அவர்களைக் கண்டு ஆங்கிலோ இந்தியர் ஆடினர். கிறித்தவப் பள்ளிகளில் பயின்ற தமிழ்ச் சிறுவரும் ஆடினர். தென்னாட்டு ஹாக்கி இவ்வாறே வளர்ந்தது. 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கியில் தங்கம் வென்ற இந்திய அணியின் பட்டியலைப் பாருங்கள். ரங்கநாதன் பிரான்சிஸ், கோவிந்த் பெருமாள், முனுசாமி ராஜகோபால், சின்னதுரை தேசமுத்து என்னும் பெயர்கள் அதில் உள்ளன. படைத்துறை அணிக்காக ஆடிய சென்னை வீரர் வி. ஜே. பீட்டர் 1960, 1964, 1968 ஆகிய மூன்று ஒலிம்பிக் பந்தயங்களில் வெள்ளி, தங்கம், வெண்கலம் என்னும் மூவகைப் பதக்கமும் பெற்றார்.

இனி, இவ்வாட்டம் உடலிடம் எதைக் கேட்கிறது என்பதைப் பார்ப்போம். கால்பந்தாட்டக்காரர் நிமிர்ந்து ஓடலாம். ஹாக்கி ஆடுவோருக்கு அந்த உரிமை இல்லை. மட்டையின் நுனி தரையைத் தொட்டவாறு இருத்தல் வேண்டுமாதலால், முதுகை வளைத்து, முழங்காலை மடக்கி, அந்நிலையிலேயே ஓடவும் திரும்பவும் நிற்கவும் வேண்டும். ஒரு நாள் ஆட்டத்தில் இது துன்பம் தராது. பத்தாண்டுகள், பதினைந்தாண்டுகள் ஆடியவரின் இடுப்பும் முழங்காலும் தொடைத்தசையும் இதன் கணக்கை ஒருநாள் கேட்கத்தான் செய்யும். பந்தோ ஏறத்தாழ 160 கிராம் எடையுள்ள கெட்டிப் பொருள். அது தாடையிலோ கண்ணிலோ பட்டால் என்னவாகும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. முற்காலத்துக் கோல் காப்பாளர் கால்களில் உறைகளைக் கட்டிக்கொண்டு, தலைக்கவசம் இன்றியே அப்பந்தின் முன் நின்றனர்.

ஆடுகளமும் மாறியது. புல்தரையில் வளர்ந்த ஆட்டம் 1976ஆம் ஆண்டு மாண்ட்ரியல் ஒலிம்பிக் பந்தயத்தில் முதன்முதலாகச் செயற்கைத் தளத்திற்கு ஏறியது. அவ்வாண்டில் நம் அணி ஏழாமிடத்திற்கு இறங்கியது. ஆட்டத்திறன் பற்றிய பேச்சு அன்று நிறைய எழுந்தது; உடலைப் பற்றிய பேச்சு அத்துணை எழவில்லை. புல்தரை ஓடுவோரின் காலைச் சற்றே உள்வாங்கிக் கொள்ளும். செயற்கைத் தளம் அவ்வாறு இடங்கொடாது. பந்து தடையின்றி விரைவதால் மனிதரும் அதற்கேற்ப விரைய வேண்டியதாயிற்று. விதிகள் ஓரளவு இரக்கம் காட்டின. 1990களில் எத்தனை முறை வேண்டுமாயினும் ஆட்டக்காரரை மாற்றிக்கொள்ளும் முறை நிலைபெற்றது. 70 நிமிட ஆட்டம் 2014ஆம் ஆண்டிற்குப் பின் தலா 15 நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகளாகச் சுருங்கியது. ஆனால் ஓய்வு கூடக்கூட ஆட்டத்தின் வேகமும் கூடியது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கிக் கொண்டது போலாயிற்று.

களம் விட்டு நீங்குவோரின் வழிகளை மூன்றாகப் பகுக்கலாம். முதலாவது, இடி விழுந்தாற் போல ஒரே நாளில் வருவது. பெனால்டி கார்னரிலிருந்து கோல் போடுவதில் வல்லவரான ஜுக்ராஜ் சிங் 2003ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் கார் விபத்தில் கடுங்காயமுற்றார். அப்போது அவருக்கு வயது 20. இந்திய அணி முதன்முதலாக ஆசியக் கோப்பையை வென்றது அதே மாதத்தில்தான். அணி வெற்றி மேடையில் நின்றது. அவ்விளைஞரோ மருத்துவமனையில் கிடந்தார். மீண்டும் நாட்டின் அணியில் நிலைபெற அவரால் இயலவில்லை. கோல் காப்பாளர் பல்ஜித் சிங்குக்கு நேர்ந்தது இதனினும் கொடிது. 2009ஆம் ஆண்டு ஜூலையில் புனே நகரில் நடந்த பயிற்சி முகாமில், பயிற்சிக்குப் பயன்படுத்திய கோல்ஃப் பந்து ஒன்று அவரது வலக்கண்ணைத் தாக்கியது. போட்டியிலன்று, பயிற்சியிலே அவருடைய ஆட்ட வாழ்வு முடிந்தது.

இரண்டாவது வழி, சிறிது சிறிதாக வருவது. கர்நாடகத்தின் குடகு மாவட்டத்துச் சோமவாரப்பேட்டையிலிருந்து வந்த எஸ். வி. சுனில் மின்னலென ஓடும் முன்னணி ஆட்டக்காரர். 2012, 2016 ஆகிய இரு ஒலிம்பிக் பந்தயங்களிலும் ஆடினார்; 2014ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியிலும் இருந்தார். விரைவே அவரது செல்வம். 2018ஆம் ஆண்டில் முழங்காலில் பட்ட காயம், அவ்வாண்டு இறுதியில் புவனேசுவரத்தில் நடந்த உலகக் கோப்பையை அவரிடமிருந்து பறித்தது. காயம் ஆறி மீண்டும் களம் கண்டார். ஆயினும் 2021ஆம் ஆண்டு டோக்கியோவுக்குச் சென்ற அணியில் அவருக்கு இடம் கிட்டவில்லை. நாற்பத்தோராண்டுகளுக்குப் பின் ஒலிம்பிக் பதக்கம் வென்ற அவ்வணியை அவர் வெளியிலிருந்தே வாழ்த்த நேர்ந்தது. அவ்வாண்டு அக்டோபரில், பதினான்கு ஆண்டுப் பணிக்குப் பின், நாட்டின் அணியிலிருந்து விலகுவதாக அறிவித்தார். இத்தகையோரின் விலகலுக்கு ஒற்றைக் காரணம் கூறுதல் அரிது. உடல், வயது, தேர்வாளரின் தீர்ப்பு ஆகிய மூன்றும் ஒரே கயிற்றின் புரிகளாகத் திரிந்து கிடக்கும்.

மூன்றாவது வழி பெரும்பாலாருக்கு உரியது. ஆட்டம் முடிந்தபின்னரும் ஆட்டத்தை விடாதவர்களின் வழி. அதற்குச் சான்று தேடக் காக்ஸ் டவுனின் எல்லையைத் தாண்டி அடுத்திருக்கும் குக் டவுனுக்குச் சென்றால் போதும். அங்கே 1940ஆம் ஆண்டில் பிறந்தவர் எல்வெரா பிரிட்டோ. அவரும் அவர்தம் தங்கையர் ரீட்டா, மே ஆகியோரும் 1960களில் மைசூர் மாநில மகளிர் அணியில் ஒருங்கே ஆடினர். எல்வெராவின் தலைமையில் அவ்வணி 1960 முதல் 1967 வரையிலான காலத்தில் தொடர்ந்து ஏழு முறை தேசியப் பட்டம் பெற்றது. ஆஸ்திரேலியா, இலங்கை, ஜப்பான் அணிகளுக்கெதிராக அவர் இந்தியாவுக்காக ஆடினார். 1965ஆம் ஆண்டில் அர்ஜுனா விருது அவருக்கு வழங்கப்பெற்றது. ஹாக்கியில் அவ்விருதைப் பெற்ற பெண்மணிகளுள் அவர் இரண்டாமவர். முதல்வர் 1961இல் பெற்ற ஆன் லம்ஸ்டன்.

எல்வெரா உச்சத்தில் ஆடிய அக்காலத்தில் ஒலிம்பிக் பந்தயத்தில் மகளிர் ஹாக்கி என்பதே கிடையாது. மகளிருக்கான உலகக் கோப்பை 1974ஆம் ஆண்டில்தான் தொடங்கியது. ஒலிம்பிக் வாயில் 1980ஆம் ஆண்டில்தான் திறந்தது. எனவே அவருடைய தலைமுறைப் பெண்கள், அடைவதற்கு ஒலிம்பிக் மேடை ஒன்று இல்லாமலேயே தம் உடலை ஆட்டத்திற்கு அளித்தவர்கள். மட்டையைக் கீழே வைத்தபின் அவர் வீட்டில் அமர்ந்துவிடவில்லை. கர்நாடக மகளிர் ஹாக்கிச் சங்கத்தின் தலைமையை எட்டாண்டுகள் ஏற்றார். தேசிய அணியின் தேர்வாளராகவும் பணிபுரிந்தார். முதுமை நலிவால் 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் பெங்களூரிலேயே தமது 81ஆம் வயதில் காலமானார். ஆட்டம் நின்ற நாளுக்கும் மூச்சு நின்ற நாளுக்கும் இடையே அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட தொண்டு இருந்தது.

இந்நகரத்தின் மற்றொரு மைந்தரான ஜூட் ஃபீலிக்ஸும் அவ்வழியே நடந்தார். 1988, 1992 ஒலிம்பிக் பந்தயங்களில் ஆடி, பின் இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய அவர், 2009ஆம் ஆண்டில் பெங்களூரில் ஒரு பயிற்சிக்கூடம் நிறுவினார். ஆதரவற்ற சிறுவரின் கையில் மட்டையைக் கொடுத்து ஆட்டத்தோடு ஒழுக்கத்தையும் கற்பித்தார். 2020ஆம் ஆண்டில் துரோணாச்சாரியார் விருது அவரைத் தேடி வந்தது. விபத்தில் ஆட்டம் இழந்த ஜுக்ராஜ் சிங்கும் பயிற்றுநராகி, தாம் அடிக்க இயலாத பெனால்டி கார்னரை இளைஞர் அடிக்கக் கற்றுத் தந்தார். உடல் மறுத்ததை அறிவு கொடுத்தது என்பதற்கு இவற்றினும் நல்ல சான்று வேண்டுமா?

எனினும் எல்லோர்க்கும் இந்நற்பேறு வாய்க்கவில்லை என்பதையும் நாம் மறைத்தல் ஆகாது. 1956, 1964 ஆகிய ஆண்டுகளில் தங்கமும் 1960இல் வெள்ளியும் பெற்ற கோல் காப்பாளர் சங்கர் லட்சுமணன், 1966ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டில் நம் அணிக்குத் தலைமை தாங்கித் தங்கம் கொணர்ந்தார். 1968ஆம் ஆண்டு அணியில் அவர் சேர்க்கப்படவில்லை. பந்துகளைத் தடுத்து நின்ற அக்கால்களில் ஒன்றைப் பின்னாளில் அழுகல் நோய் பற்றியது. 2006ஆம் ஆண்டில் மவ் நகரில் அவர் இறந்தார். பேராட்டக்காரரான தியான் சந்தும் 1979ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் தில்லி மருத்துவமனையொன்றில் புற்றுநோயால் மாண்டார். அவர் பிறந்த ஆகஸ்ட் 29ஆம் நாளை நாம் தேசிய விளையாட்டு நாளாகக் கொண்டாடுகிறோம். பிறந்த நாளைக் கொண்டாடும் நாம், அவர் இறந்த நாளிலிருந்தும் சிறிது கற்றுக்கொள்ள வேண்டாமா?

அரசு கண்மூடி இருக்கவில்லை. சிறந்த விளையாட்டு வீரர்க்கான ஓய்வூதியத் திட்டம் ஒன்று 1994ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அது போற்றத்தக்கதே. ஆயினும் அதன் அளவுகோல் உலகப் பந்தயங்களில் பெற்ற பதக்கம். பதக்கத்தால் அளக்கும் போது, பதக்கம் என்பதே இல்லாத காலத்தில் ஆடிய பெண்களும், பதக்கம் பெறுமுன்னரே எலும்பு முறிந்த இளைஞரும், மாநில அணிகளோடு வாழ்வு முடிந்த நூற்றுக்கணக்கானோரும் எங்கே நிற்பர்? முழங்காலின் வலி பதக்கம் பெற்றவர்க்கு ஒருவிதமாகவும் பெறாதவர்க்கு வேறுவிதமாகவும் இருப்பதில்லை.

உழவர் விளைந்த கதிரைக் களத்தில் குவித்தபின் வைக்கோலையும் போற்றிச் சேர்த்து வைப்பர். அது அடுத்த உழவுக்குரிய மாட்டின் உணவு. ஆட்டக்களத்திலும் அவ்வாறே. ஓடிய கால்கள் ஓய்ந்த பின்னும், கண்ட கண்களும் கற்ற அறிவும் எஞ்சி நிற்கின்றன. அவற்றைச் சேர்த்து வைக்கும் சமுதாயத்திற்கே அடுத்த விளைச்சல் உண்டு. ஒவ்வொரு சங்கமும் தன் முதுபெரும் ஆட்டக்காரரின் மருத்துவத்தைக் கடமையாக ஏற்கட்டும். காயமுற்று விலகும் இளைஞருக்குப் பயிற்றுநர் கல்வி தரட்டும். அவர்களுடைய நினைவுகளை அவர்கள் வாழும் போதே எழுதி வாங்கட்டும். உடல்நலம் குன்றியதால் ஒருவர் ஆட்டத்தை விட்டார் என்னும் செய்தி நாளேட்டின் மூலையில் நான்கு வரியாக வரும் போது, அதனைத் தோல்விச் செய்தியாகக் கொள்ளற்க. தம்மிடம் இருந்ததை எல்லாம் கொடுத்து முடித்தவர் ஒருவரின் கணக்கு அது. எஞ்சிய பற்று நம் பெயரில்தான் எழுதப்பட்டிருக்கிறது.