கோனாவின் தந்திக்கம்பியும் லோனாக்கின் இரவும்

இமயமலையில் ஏரிகள் உடைவது புதிதன்று. உடையக்கூடிய ஏரி எதுவென்று முன்னரே அறிந்திருப்பதும் புதிதன்று. அந்த அறிவு ஆற்றோரத்து வீடுகளை எப்போது சென்றடைந்தது என்பதில்தான் இரு வெள்ளங்களின் வரலாறு வேறுபடுகிறது.

1893 செப்டம்பரில் கட்வால் மலையில் நிகழ்ந்த பெருஞ்சரிவு, அலக்நந்தாவின் துணையாறான பிரஹி கங்கையைக் கோனா என்னும் சிற்றூருக்கு அருகே மறித்தது. ஏறத்தாழ 900 அடி உயர்ந்த அந்த இயற்கை அணைக்குப் பின்னால் ஏரி பெருகிற்று. நீர் முகட்டைத் தாண்டும்போதுதான் ஆபத்து என்றும், அது 1894 ஆகஸ்டு நடுவில் நேரும் என்றும் பொறியாளர் புல்ஃபோர்டு கணித்தார். கோனாவிலிருந்து ஹரித்துவாருக்குத் தந்திக்கம்பி இழுக்கப்பட்டது. கரையோர மக்கள் மேட்டிடங்களுக்கு அகற்றப்பட்டனர். ஆகஸ்டு 25 நள்ளிரவை ஒட்டி ஏரி உடைந்தது. கட்வாலின் ஸ்ரீநகர் அழிந்தது. இறந்தோர் ஐவரே: அகற்றப்பட்ட பின்னும் திரும்பிச் சென்ற ஒரு ஃபக்கீரும் அவர் குடும்பத்தாரும்.

கோனா ஏரி மண்சரிவால் பிறந்தது. சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரி பனியாறு பின்வாங்கியதால் பிறந்தது. பனியாறு முன்பு தள்ளிக் குவித்த பாறையும் மணலும் அது சுருங்கியபின் கரையாக நின்றுவிட, உருகுநீர் அதற்குள் தேங்கியது. 1970களில் சிறு குட்டையாயிருந்த ஏரி, 2023இல் 1.6 சதுர கிலோமீட்டரைக் கடந்திருந்தது. ஆய்வாளர்கள் பல்லாண்டுகளாக ஆபத்தைச் சுட்டினர். 2016இல் குழாய்கள் வைத்து நீரை வடிக்கவும் முயன்றனர். 2023 செப்டம்பரில் கண்காணிப்புக் கருவிகள் நிறுவப்பட்டன. எச்சரிக்கை அமைப்பு முழுமை பெறவில்லை.

அக்டோபர் 3 இரவு, வடகரையின் உறைந்த கற்குவை ஏரிக்குள் சரிந்தது. எழுந்த அலை முகப்பை உடைக்க, ஏறத்தாழ 5 கோடி கன மீட்டர் நீர் வெளியேறியது. வழியில் அது அரித்தெடுத்த மண்ணும் கல்லும் ஏறத்தாழ 27 கோடி கன மீட்டர்; அதாவது, நீரைப்போல் ஐந்து மடங்குக்கு மேல். அடிவாரம் அறுபட்ட மலைச்சரிவுகள் சரிந்தன. டீஸ்டாவின் படுகை பல இடங்களில் மேடிட்டது. படுகை மேடிட்ட ஆற்றில் அடுத்த பருவத்தின் எளிய வெள்ளமும் கரையேறும். சுங்தாங்கில் 1,200 மெகாவாட் நீர்மின் திட்டத்தின் அணை அடித்துச் செல்லப்பட்டது. 55 பேர் இறந்தனர். 74 பேர் காணாமற்போயினர்.

ஒப்பீட்டுக்கு எல்லை உண்டு. ஓராண்டு நிரம்பிய கோனா, நாள் குறிக்க இடம் தந்தது. லோனாக் கரை திடீரெனச் சரிந்தது. எனினும் ஏரியிலிருந்து 60 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த சுங்தாங்கை வெள்ளம் அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆயிற்று. 1894இன் தந்திக்கே அந்த அவகாசம் போதுமானது.