கரையாத பருத்தி கரைந்த கதை

உப்பு நீரில் கரைகிறது, சர்க்கரையும் கரைகிறது. பருத்தித் துணியோ எத்தனை முறை வெளுத்தாலும் கரைவதில்லை. கரையாதிருப்பதனாலன்றோ நாம் மானத்துடன் உலவுகின்றோம்! எனினும், அதனைக் கரைத்தே தீருவதென்று மேனாட்டு இரசாயன அறிஞர்கள் நெடுங்காலம் முயன்றனர். அம்முயற்சியின் வரலாறு நாம் அறியத்தக்கது.

பருத்திக்கும் மரத்திற்கும் புல்லிற்கும் உடலாய் அமைந்த பொருள் செல்லுலோஸ். 1838-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் ஆன்ஸெல்ம் பாயன் இதனைப் பிரித்தறிந்தார். கூட்ஸ் வண்டியின் பெட்டிகளைப் போல, குளூக்கோஸ் என்னும் சர்க்கரைக் கூறுகள் ஒன்றோடொன்று கோத்து நிற்கும் நீண்ட தொடரே அது. அடுத்தடுத்த தொடர்களும் ஹைட்ரஜன் பிணைப்புகளால் இறுகக் கட்டுண்டு கிடப்பதால், நீர் இடையில் புகுந்து அவற்றைப் பிரிக்க இயலாது.

அதனைக் கரைப்பானேன்? மரத்தின் நார் மிகக் குட்டையானது, நூற்க உதவாது. அதனைக் கரைத்து, நுண்ணிய துளைகளின் வழியே பிழிந்து, மீண்டும் கெட்டியாக்கினால் பட்டினைப் போன்ற நீண்ட இழை கிடைக்கும்.

1857-இல் சுவிட்சர்லாந்தின் ஷ்வைட்ஸர், தாமிரமும் அம்மோனியாவும் கலந்த நீல நிற நீர்மத்தில் செல்லுலோஸைக் கரைத்துக் காட்டினார். பிரான்சு நாட்டின் ஷார்தொன்னே, நைட்ரிக் அமிலத்தால் பக்குவப்படுத்திய செல்லுலோஸிலிருந்து செயற்கைப் பட்டு செய்து, 1889-இல் பாரிஸ் கண்காட்சியில் வைத்தார். அதுவோ எளிதில் தீப்பற்றும் தன்மையது. 1892-இல் இங்கிலாந்தின் கிராஸ், பெவன், பீடில் மூவரும் விஸ்கோஸ் முறையைக் கண்டனர். நம் இல்லங்களில் வழங்கும் ரேயான் துணிகள் பெரும்பாலும் அம்முறையில் பிறந்தவையே.

ஆனால் அந்த மென்மைக்குப் பிறர் விலை கொடுத்தனர். விஸ்கோஸ் செய்யக் கார்பன் டைசல்பைடு வேண்டும். அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளர் பலர் நரம்புத் தளர்ச்சியுற்றனர். சிலர் சித்தம் கலங்கினர். இருதய நோயும் மிகுந்தது. தமிழகத்தில் சிறுமுகையில், பவானிக் கரையில் இயங்கிப் பின்னர் மூடப்பட்ட விஸ்கோஸ் ஆலையின் கழிவுநீரை எதிர்த்து ஆற்றோர மக்கள் போராடியதை மூத்தோர் அறிவர்.

நஞ்சின்றிக் கரைக்க வழியில்லையா? அதற்கு விடை ஒருவகை உப்பில் இருந்தது. சமையல் உப்பு உருக 801 பாகை வெப்பம் வேண்டும். ஆனால் 1914-இல் பால் வால்டன் என்பார் 12 பாகையிலேயே உருகும் உப்பொன்றைப் பற்றி எழுதினார். இத்தகையவற்றை அயனி நீர்மங்கள் என்பர். 1934-இல் சார்லஸ் கிரேனாகர் என்னும் சுவிஸ் அறிஞர், பிரிடினியம் வகை உப்புகளை உருக்கிச் செல்லுலோஸைக் கரைக்கலாமென்று அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். உலகம் அதனைப் பொருட்படுத்தவில்லை.

68 ஆண்டுகள் கழிந்தன. 2002-இல் அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்தில் ராபின் ராஜர்ஸும் அவர்தம் குழுவினரும், இமிடஸோலியம் குளோரைடு வகை உப்பொன்றில், நுண்ணலை வெப்பத்தின் துணைகொண்டு, எடையில் நூற்றுக்கு 25 பங்கு வரை செல்லுலோஸைக் கரைத்தனர். குளோரைடு அயனிகள் தொடர்களுக்கிடையே நுழைந்து அவற்றின் கட்டுகளை அவிழ்த்துவிடுகின்றன. நீர் சேர்த்தவுடன் செல்லுலோஸ் மீண்டும் திரண்டு வெளிப்படுகிறது.

பின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழகத்தார் வேறோர் அயனி நீர்மத்தால் பிர்ச் மரத்திலிருந்து இழை எடுத்தனர். 2018-ஆம் ஆண்டு அந்நாட்டுச் சுதந்திர தின விருந்திற்குக் குடியரசுத் தலைவரின் துணைவியார் ஜென்னி ஹௌகியோ அவ்விழையால் ஆன ஆடையை அணிந்து வந்தார்.

இம்முறையிலும் இடர் உண்டு. இந்நீர்மங்கள் விலை மிக்கவை. ஏறக்குறைய முழுவதையும் மீட்டெடுத்துத் திரும்பப் பயன்படுத்தினாலன்றித் தொழில் கட்டாது. இவற்றுள் சில நஞ்சுடையவை என்பதையும் மறத்தலாகாது. லையோசெல் என்னும் வேறொரு முறை கார்பன் டைசல்பைடு இன்றி முன்னரே ஆலைக்கு வந்துவிட்டது. ஆயினும் விஸ்கோஸே இன்னும் மிகுதி.

ஆடை வாங்குங்கால் நிறத்தையும் விலையையும் கேட்கிறோம். அதனை நெய்தவர், அதற்கு இழை பிழிந்தவர் நலமாயிருக்கிறாரா என்பதும் கேட்கத்தக்கதே. நம் சங்கத்து இளைஞருள் இரசாயனம் பயில்வோர், அவ்வினாவிற்கு நல்விடை காண முற்படுவாராக.