நிக்ஸ்டமல்: சுண்ணாம்பில் வெந்த மக்காச்சோளம்

சுண்ணாம்பு நீரிலோ சாம்பல் நீரிலோ வேகவைத்து, ஊறவைத்து, தோல் நீக்கிய மக்காச்சோளமே நிக்ஸ்டமல். மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் மூவாயிரம் ஆண்டுகளாக அன்றாட உணவுக்கு அடிப்படை இதுதான். அஸ்டெக் மக்களின் நாவாட்டில் மொழியில் சாம்பலுக்கு ‘நெஷ்ட்லி’ என்றும் சோளமாவுப் பண்டத்துக்கு ‘தமல்லி’ என்றும் பெயர். இரண்டும் சேர்ந்து பிறந்த சொல் இது.

தென் மெக்சிகோவின் பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில், தியோசின்டே என்னும் காட்டுப்புல்லைப் பயிராக்கி மக்காச்சோளமாக மாற்றும் வேலை சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது. அதைச் சுண்ணாம்பிட்டு வேகவைத்ததற்கான பழைய தடயங்கள் குவாத்தமாலாவின் தென்கடற்கரையில் கிடைத்துள்ளன. அவை கி.மு. 1500-க்கும் 1200-க்கும் இடைப்பட்டவை.

செய்முறை எளிது, உழைப்புதான் பெரிது. மாலையில் ஒரு கிலோ சோளத்துக்கு ஏறக்குறைய 10 கிராம் சுண்ணாம்பைக் கரைத்து அடுப்பேற்றுவார்கள். நீர் பழுத்த மஞ்சளாக மாறும். இறக்கி இரவு முழுவதும் ஊறவிட்டு, விடிந்ததும் கைகளால் அலசித் தேய்த்தால் தோல் வழுக்கிக்கொண்டு கழன்றுவிடும். பிறகு ‘மெத்தாத்தே’ என்னும் எரிமலைக்கல் அம்மி. நம் அம்மியின் உறவுதான், ஆனால் மூன்று கால்களில் சரிவாக நிற்கும். பெண்கள் அதன்முன் மண்டியிட்டு, இரு கைகளாலும் குழவியைத் தள்ளி அரைத்தார்கள். ஒரு குடும்பத்துக்கு மாவரைக்க நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். இருபதாம் நூற்றாண்டில் அரைவை ஆலைகள் ஊருக்கு ஊர் வந்த பிறகே அந்த முழங்கால்களுக்கு ஓய்வு கிடைத்தது. சுண்ணாம்பில் வெந்த சோளத்தின் மாவு ஒட்டிச் சேர்ந்து வரும். உள்ளங்கைகளுக்கிடையே தட்டி, சூடான கல்லில் போட்டால் தோர்த்தியா ரொட்டி. சுண்ணாம்பு சேராத மாவு அப்படி ஒட்டிச் சேராது, களியாகவே கிண்ட முடியும்.

சோளம் அங்கே தெய்வத்துக்கு அடுத்த பொருள். மனிதர்களைத் தேவர்கள் மஞ்சள் சோளத்தாலும் வெள்ளைச் சோளத்தாலும் படைத்ததாக மாயர்களின் ‘போபோல் வூ’ கூறுகிறது. சோளத்தைப் பானையிலிடும் முன் பெண்கள் அதன்மேல் மூச்சை ஊதுவார்கள், சூட்டுக்கு அது அஞ்சாதிருக்க வேண்டும் என்பதற்காக. அஸ்டெக் மக்களின் இந்த வழக்கத்தைப் பதினாறாம் நூற்றாண்டில் எழுதிவைத்தவர் பெர்னார்தினோ தே சாகுன் என்ற ஸ்பானியத் துறவி. தானியத்தை இவ்வளவு பரிவோடு நடத்திய சமையலறைகள் உலகில் குறைவு.

கொலம்பஸின் பயணங்களுக்குப் பின் விதை கடல் கடந்தது, சுண்ணாம்புப் பானை கடக்கவில்லை. ஸ்பானியருக்குக் கோதுமையே உயர்ந்த தானியம். திருப்பலி அப்பமும் அதில்தான். தவிர, உலர்ந்த சோளத்தை அப்படியே மாவாக்கும் ஆலைகள் ஐரோப்பாவில் இருந்ததால், அதை ஊறவைத்து மெதுவாக்கும் தேவை அங்கே எழவில்லை. மலிவாக விளைந்த சோளம் ஏழைகளின் தட்டை நிறைத்தது. வட இத்தாலியில் குத்தகை உழவர்கள் பொலெந்தா என்னும் சோளக்களியை மட்டுமே உண்டு வாழும் நிலை வந்தது.

நோயும் பின்னாலேயே வந்தது. 1735-இல் ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில், கழுத்தைச் சுற்றி மாலைபோல் தோல் சிவந்து வெடித்த ஏழை உழவர்களை மருத்துவர் காஸ்பார் காசால் கண்டார். 1771-இல் மிலானின் பிரான்செஸ்கோ பிராப்பொல்லி, கரடுமுரடான தோல் என்ற பொருளில் மக்கள் வழங்கிய ‘பெல்லாக்ரா’ என்ற பெயரை மருத்துவ நூலில் ஏற்றினார். தோல் வெடிப்பு, வயிற்றுப்போக்கு, மனக்கலக்கம், இறுதியில் மரணம் என்பது அதன் போக்கு.

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் 1906 முதல் 1940 வரை சுமார் 30 லட்சம் பேர் இந்நோய்க்கு ஆளானார்கள். ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் இறந்தனர். தொற்றுநோய் என்றே பலரும் நம்பினார்கள். 1914-இல் அரசு அனுப்பிய மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர், காப்பகங்களில் தங்கியிருந்தவர்களுக்கு வரும் இந்நோய் அவர்களைப் பேணும் ஊழியர்களுக்கு வராததைக் கவனித்தார். மிசிசிப்பியின் அநாதை இல்லங்களில் பாலும் முட்டையும் இறைச்சியும் கொடுக்க, நோய் அகன்றது. தொற்று இல்லை என்று நிரூபிக்க நோயாளிகளின் இரத்தத்தைத் தம் உடலில் ஏற்றிக்கொண்டார். அவர் மனைவியும் ஏற்றிக்கொண்டார். வறுமையே காரணம் என்ற அவர் முடிவு தென்மாநில அரசியலாளர்களுக்குப் பிடிக்கவில்லை. 1929-இல் அவர் இறந்தபோதும் குறைபட்ட சத்து எதுவென்று தெரிந்திருக்கவில்லை. அது நயாசின் என்னும் பி வைட்டமின் என்பதை 1937-இல் கான்ராட் எல்வெஜெம் ஆய்வு காட்டியது.

சோளத்தில் நயாசின் இல்லாமல் இல்லை. ஆனால் பெரும்பகுதி வேறு பொருள்களோடு பிணைந்திருப்பதால் குடலால் அதை உறிஞ்ச முடியாது. சுண்ணாம்பின் காரத்தன்மை அந்தப் பிணைப்பை அவிழ்க்கிறது. ரொட்டியில் கால்சியத்தையும் கூட்டுகிறது. கூடவே அவரை வகைகளையும் பூசணியையும் உண்ட மெக்சிகோ உழவர்களைப் பெல்லாக்ரா பெரிதாகத் தொடவில்லை.

1990-இல் மலாவியில் தங்கியிருந்த மொசாம்பிக் அகதிகளிடையே சுமார் 18,000 பேருக்குப் பெல்லாக்ரா கண்டது. அவர்களின் பங்கீட்டில் முதன்மை உணவு மக்காச்சோளம். நயாசின் தந்துவந்த நிலக்கடலை வழங்கல் தடைப்பட்டிருந்தது. பசித்தவருக்குத் தானியம் அனுப்புகிறவர்கள், அதை முதன்முதலில் விளைவித்த மக்கள் எப்படிச் சமைத்தார்கள், எதனோடு சேர்த்து உண்டார்கள் என்பதையும் விசாரித்து அனுப்ப வேண்டும்.