பாடுவோர்க்கு ஓர் அரங்கு

பாட்டுக்குக் குரல் வேண்டும், பண் வேண்டும், பயிற்சி வேண்டும் என்போம். பாடுவோர் இருக்கும் இடம் வேண்டாமா? நாம் மறந்த இக்கேள்வியைத் தமிழர் முன்பே கேட்டு, விடையும் கண்டிருந்தனர். அரங்கேற்று காதையில் மாதவியின் அரங்கிற்கு இளங்கோ தரும் அளவுகளே சான்று. 1892-இல் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையுடன் அச்சேற்றியபோது அவ்வளவுகளும் உலகறிய வந்தன.

அது ஆடலரங்குதான். எனினும் பாடுவோருக்கும் குழலோருக்கும் யாழோருக்கும் அதுவே களம். மூங்கிலில் வெட்டிய கோலே அளவுகோல். பெருவிரல் 24 கொண்டது ஒரு கோல். ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். மேடைப் பலகையிலிருந்து உத்தரப் பலகைவரை நான்கு கோல். விரலை ஓர் அங்குலம் எனக் கொள்வோமாயின், 14 அடிக்கு 16 அடி மேடை. தலைக்கு மேல் 8 அடி.

ஏன் இத்துணைச் சிறிது? ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,100 அடி செல்லும். எட்டடி உயரத்தில் பலகை பரப்பினால், அமர்ந்து பாடுவோரின் குரல் அதில் பட்டு மீள நொடியில் நூறில் ஒரு பங்கே ஆகும். செவி அதனைத் தனி ஒலியாகப் பிரிக்காது; முதற்குரலுடன் சேர்த்தே கேட்கும். குரல் வலுப்பெறும். இருபதில் ஒரு பங்கு நொடிக்கும் மேலாகத் தாழ்ந்து, உரத்து மீளும் ஒலியோ சொல்லைக் குழப்பிவிடும்.

அரங்கின் மேல் பூதங்களையும் எழுதித் தொழுதனராம்! தொழட்டும். தூணின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கை இடம் பார்த்து வைத்தது பூதமா, மனித அறிவா?

அறந்தாங்கிக்கு அருகே ஆவுடையார்கோயிலில் கல்லிலே மரச்சட்டம் போலக் கொடுங்கை செதுக்கியிருக்கிறார்கள். சிற்பியின் உளிக்குத் தலைவணங்குவோம். ஆனால் மரமென்று கண்ணை நம்பவைத்த கல், காதை நம்பவைக்க இயலாது. கல் ஒலியை விழுங்குவதில்லை. திருப்பித் திருப்பி எறியும். அதே பண்பு சிமெந்துக்கும் உண்டு. இன்று நாம் கட்டும் பள்ளிக் கூடங்களோ சிமெந்துச் சுவரும் தகரக் கூரையும்! பிள்ளை பாடுகிறது, ஓசை கேட்கிறது, சொல் கேட்கவில்லை. உடனே ஒலிபெருக்கியை முடுக்குகிறோம். குழப்பமும் சேர்ந்தே பெருகுகிறது.

சொல் கேட்கவேண்டும் என்பதற்காகவன்றோ தமிழிசைக் கிளர்ச்சி எழுந்தது? 1943-இல் தமிழிசைச் சங்கம் தோன்றியது. 1952-இல் சென்னையில் இராஜா அண்ணாமலை மன்றம் எழுந்தது. தமிழ்ப் பாட்டுக்குத் தலைநகரில் மாளிகை கிடைத்தது. அறந்தாங்கிப் பிள்ளைக்கு மாளிகை வேண்டாம். 14 அடிப் பலகை மேடை போதும். பின்புறமும் மேலும் பலகை. பக்கப் பலகைகள் அவையை நோக்கிச் சற்றே விரியட்டும். அவைக்கு எதிர்ச்சுவரில், சுவரைவிட்டுச் சாண் தள்ளி, மடிப்பு மடிப்பாகச் சாக்குத் துணி தொங்கட்டும். ஊர்த் தச்சரிடம் கோலைக் கொடுத்தால் அளந்துவிடுவார்.