வணிகப் போட்டியும் நுகர்வோர் பாதுகாப்பும்: இந்திய ஒழுங்குமுறைச் சட்டங்களின் வரலாறு (1969–2020)

ஆய்வுச் சுருக்கம்

நியாயமான வணிகப் போட்டியைக் காப்பதும் ஏமாற்று விளம்பரங்களிலிருந்து நுகர்வோரைக் காப்பதும் இந்தியாவில் 1984 முதல் 2009 வரை ஒரே ஆணையத்தின் கடமைகளாக இருந்தன. பின்னர் அவை பிரிக்கப்பட்டன. அப்பிரிவினையின்போது, முறையீட்டுக்குக் காத்திராமல் புலனாய்வு செய்யும் அதிகாரம் நுகர்வோர் பக்கத்தில் ஏறத்தாழ 11 ஆண்டுகள் விடுபட்டுப்போனதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: முற்றுரிமை, வணிகப் போட்டி, நேர்மையற்ற வணிக நடைமுறை, நுகர்வோர் பாதுகாப்பு, புலனாய்வு

முன்னுரை

செல்வமும் உற்பத்திச் சாதனங்களும் பொதுநலனுக்குக் கேடு விளையுமாறு ஓரிடத்தில் குவிதல் கூடாது என்பது இந்திய அரசமைப்பின் 39ஆம் உறுப்பு கூறும் வழிகாட்டு நெறிகளுள் ஒன்று. இந்நெறியின் வழி எழுந்ததே முற்றுரிமை மற்றும் கட்டுப்பாட்டு வணிக நடைமுறைகள் சட்டம், 1969. வணிகர்களுக்கிடையே போட்டி காக்கப்பட்டால் நுகர்வோரும் தாமாகவே காக்கப்படுவரா என்ற வினா இச்சட்டத்தின் வரலாறு நெடுகிலும் தொடர்ந்து வந்துள்ளது.

முற்றுரிமைத் தடுப்பு

1964இல் நீதிபதி கே.சி.தாஸ் குப்தா தலைமையில் முற்றுரிமை விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. 75 வணிகக் குழுமங்களின் கட்டுப்பாட்டில் 1,536 நிறுவனங்கள் இருந்ததையும், அரசுசாரா, வங்கியல்லாத நிறுவனச் சொத்துகளில் ஏறக்குறைய 47 விழுக்காடு அவற்றிடம் குவிந்திருந்ததையும் அதன் 1965ஆம் ஆண்டு அறிக்கை வெளிப்படுத்தியது. இதன் தொடர்ச்சியாக உருவான 1969ஆம் ஆண்டுச் சட்டம் 1970 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. குறித்த விலைக்குக் குறைவாக விற்கக் கூடாது என வணிகர்களைக் கட்டுப்படுத்துதல், ஒரு பொருளை வாங்கினால்தான் மற்றொன்று கிடைக்கும் என நிபந்தனை விதித்தல் போன்றவை இச்சட்டத்தின்படி விசாரணைக்கு உட்பட்டன. பொய் விளம்பரம் இதன் வரம்பிற்கு வெளியே இருந்தது.

நுகர்வோரை நோக்கிய திருப்பம்

1977இல் அமைக்கப்பட்ட நீதிபதி ராஜிந்தர் சச்சார் குழு, 1978இல் அளித்த அறிக்கையில் இக்குறையைச் சுட்டியது. போட்டியைக் காத்தால் நுகர்வோரும் காக்கப்படுவர் எனச் சட்டம் கருதியது போதாது என்பது அக்குழுவின் நிலைப்பாடு. அதன் பரிந்துரையை ஒட்டி 1984ஆம் ஆண்டுத் திருத்தம் ‘நேர்மையற்ற வணிக நடைமுறை’ என்னும் புதிய வகையைச் சேர்த்தது. தரம் குறித்த பொய்க் கூற்று, பழைய பொருளைப் புதியதெனக் காட்டுதல், பொய்யான தள்ளுபடி அறிவிப்பு ஆகியன இவ்வகையில் அடங்கின.

இத்திருத்தம் புலனாய்வுக்கெனத் தலைமை இயக்குநர் பதவியையும் உருவாக்கியது. அவர் முறையீடு வராமலேயே, தாம் அறிந்த செய்தியின் அடிப்படையில் முதற்கட்டப் புலனாய்வைத் தொடங்க முடிந்தது. இடைக்காலத் தடை விதிக்கவும் இழப்பீடு வழங்கவும் ஆணையம் அதிகாரம் பெற்றது. எனினும் நேரடியாகத் தண்டத்தொகை விதிக்கும் அதிகாரம் அதற்கு இருந்ததில்லை.

1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நேர்மையற்ற வணிக நடைமுறைக்கான வரையறையை இச்சட்டத்திலிருந்தே எடுத்துக்கொண்டது. ஆனால் அதன்படி அமைந்த நுகர்வோர் மன்றங்கள் வந்த வழக்கைத் தீர்ப்பவையே. தாமாகத் தேடிச்சென்று ஆராய்பவை அல்ல.

2009ஆம் ஆண்டுப் பிரிவினை

1991ஆம் ஆண்டுப் புதிய தொழிற்கொள்கையை அடுத்து, பெருநிறுவனங்களின் விரிவாக்கத்திற்கு முன் அனுமதி கோரிய பிரிவுகள் நீக்கப்பட்டன. 1999இல் அமைக்கப்பட்ட எஸ்.வி.எஸ்.ராகவன் குழு, போட்டிக்கெனத் தனிச் சட்டம் வேண்டும் எனவும், நேர்மையற்ற வணிக நடைமுறைகளை நுகர்வோர் மன்றங்களிடம் விடலாம் எனவும் கருதியது. ஒரே முறையீட்டை இரு அமைப்புகள் விசாரிக்கும் நிலையைத் தவிர்க்க இது உதவும் என்ற வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று.

2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் உச்ச நீதிமன்ற வழக்கையும் 2007ஆம் ஆண்டுத் திருத்தத்தையும் கடந்து, 2009 மே 20 அன்றே முதன்மைப் பிரிவுகளில் செயலுக்கு வந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 1 அன்று பழைய சட்டம் நீக்கப்பட்டது. புதிய போட்டி ஆணையம் நிறுவனங்களின் விற்றுமுதலில் 10 விழுக்காடு வரை தண்டத்தொகை விதிக்கும் வலிமை பெற்றது. 2012இல் சிமெண்ட் நிறுவனங்கள் கூடி விலையை உயர்த்தியதாகக் கூறி அது விதித்த தொகை 6,000 கோடி ரூபாய்க்கும் மேல். முடிவெடுத்தவர் அனைவரும் வாதத்தைக் கேட்டிருக்கவில்லை என்பதால் 2015இல் அவ்வாணை இரத்தாயிற்று. மறுவிசாரணைக்குப் பின் 2016இல் ஆணையம் மீண்டும் தண்டத்தொகை விதித்தது.

நுகர்வோர் பக்கத்தில் நிலைமை வேறு. உணவு போன்ற சில துறைகளுக்குத் தனி அமைப்புகள் இருந்தன. அனைத்துத் துறைகளுக்கும் பொதுவாகப் பொய் விளம்பரத்தைத் தாமாக ஆராயும் அமைப்பு இல்லை. அரசும் ஒரு முறையீட்டாளராகவே மன்றத்தை நாட வேண்டியிருந்தது. 2015இல் ஒரு நூடுல்ஸ் நிறுவனத்தின் மீது மத்திய அரசு தேசிய நுகர்வோர் ஆணையத்தில் தொடுத்த வழக்கு 2024இல்தான் முடிந்தது, அதுவும் தள்ளுபடியாயிற்று.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 2020 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நிறுவப்பட்டது. தலைமை இயக்குநரின் கீழ் இயங்கும் புலனாய்வுப் பிரிவைச் சட்டம் அதற்கு வழங்கியது. பொய் விளம்பரத்திற்கு முதன்முறை 10 இலட்சம், தொடர்ந்தால் 50 இலட்சம் ரூபாய் வரை தண்டத்தொகை விதிக்க அதற்கு இயலும்.

முடிவுரை

1984இல் பெற்று 2009இல் இழந்ததை, தண்டிக்கும் அதிகாரத்துடன் நுகர்வோர் 2020இல் திரும்பப் பெற்றனர். ஏமாற்றப்பட்டதையே அறியாதவர் முறையிடுவதில்லை. பத்து ரூபாய் இழந்தவர் வழக்குத் தொடுப்பதில்லை. எனவே முறையீட்டையே நம்பியிருக்கும் பாதுகாப்பு இத்தகையோரை எட்டாது. கடமைகளைப் பிரிப்பது தவறன்று. பிரிக்கும்போது புலனாய்வு அதிகாரம் எவரிடம் செல்கிறது என்பதை உறுதிசெய்யாமையே குறை என்பது இவ்வரலாற்றால் பெறப்படும்.