மலையில் பிறந்து சாமியான கல்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வந்து, கோமுகி அணைப் பக்கமாக வெள்ளிமலைக்கு ஏறும் சாலையில் எங்கு பார்த்தாலும் பாறை. இந்தக் கல்வராயன்மலையைச் சுற்றியுள்ள நாடு, செத்தவருக்குக் கல் நட்டு, அதைக் கும்பிட்டு வாழ்ந்த நாடு. அப்படி நட்ட கல் மலையிலிருந்து ஊருக்கு வரும் வழியைத் தொல்காப்பியம் ஆறு கட்டமாகச் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து. தகுந்த கல்லைத் தேடிக் காண்பதில் தொடங்கி, எடுத்து வந்து நீராட்டி, நட்டுப் படையலிட்டு வாழ்த்துவதில் முடிகிறது.

ஆனால் இந்தக் கல்லின் கதை தொல்காப்பியத்துக்கும் முந்தையது. திருக்கோவிலூரை அடுத்த தேவனூரில் பெருங்கற்கால ஈமக்காட்டில் ஒரு நெடுங்கல் நிற்கிறது. இரண்டு ஆள் உயரத்துக்கும் மேல். ஊரார் அதைக் கச்சேரிக் கல் என்கிறார்கள். பெயர் கிடையாது, உருவம் கிடையாது. இங்கே ஒருவர் கிடக்கிறார் என்று மட்டும் சொல்லும் கல்.

பிறகு கல் பேசத் தொடங்கியது. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த நடுகற்களில் தமிழி எழுத்து இருக்கிறது. ஆகோள் பூசலில், அதாவது மாடு கவரும் சண்டையில், இறந்தவனுக்கு எடுத்த கல் அவற்றில் ஒன்று. அதற்குச் சில நூற்றாண்டுகள் கழித்து, கல்வராயன்மலைக்கு வடக்கே செங்கம், தண்டராம்பட்டுப் பகுதிகளில் கல்லுக்கு முகமும் வந்துவிட்டது. ஒரு கையில் வில், மறு கையில் குறுவாள் என்று வீரன் நிற்பான். மேலே வட்டெழுத்து ஓடும்.

இவற்றில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது எடுத்தனூர் நடுகல். பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டு. கருந்தேவக்கத்தி என்பவன் மாடு மீட்கும் சண்டையில் பட்டான். அவன் கல்லில் கூடவே ஒரு நாயும் இருக்கிறது. அதன் பெயர் கோவிவன். கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றதென்று கல் சொல்கிறது. அரசர்களின் மெய்க்கீர்த்திகள் நிறையப் படித்திருக்கிறோம். ஒரு நாயின் பெயரை மறக்காமல் வெட்டிவைத்த அந்த ஊராரின் மனசுக்கு அவை ஈடாகுமா?

கல்லைத் தாங்குவது படையல்தான். திருக்கோவிலூரை அடுத்த ஜம்பையில் 1981இல் கிடைத்த கல்வெட்டில் சங்ககால மன்னன் அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர் இருக்கிறது. அவன் இறந்தபின் அவன் நடுகல்லுக்குப் பீலி சூட்டி, சிறு கலத்தில் கள் வார்ப்பதைப் பார்த்து ஔவை கலங்கியது புறநானூற்றில் உண்டு. அந்தப் படையல் இன்னும் நிற்கவில்லை. செங்கம், தருமபுரிப் பக்கம் பல நடுகற்கள் வேடியப்பன் என்ற சாமியாகிப் பொங்கல் வாங்குகின்றன.

கோடை வந்தால் கள்ளக்குறிச்சி மாவட்டமே பட்டவர்களை நினைத்துக்கொள்ளும். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படித்து, விடிய விடியக் கூத்தாடி, படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனனைக் கிடத்துவார்கள். சித்திரையில் கூவாகத்தில் களப்பலியான அரவானுக்காகத் திருநங்கைகள் தாலியறுத்து அழுகிறார்கள். இதையெல்லாம் வெறும் கேளிக்கை என்று என்னால் எண்ண முடியவில்லை. நடுகல்லின் பெரும்படையும் வாழ்த்தும் வேறு வடிவில் நடப்பதாகவே படுகிறது.

படையலே இல்லாத கல்லும் உண்டு. சென்னை பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டட மூலையில் ஒரு கூர்ந்தூண் (ஒபிலிஸ்க்) நிற்கிறது. எகிப்தில் கோயில் வாசலில் நின்ற வடிவம்; ஐரோப்பியர் அதைக் கல்லறைக்கும் வெற்றிக்கும் எல்லைக்கும் எடுத்துக்கொண்டார்கள். கோட்டைக்கு வெளியே திறந்தவெளியின் எல்லையாக, 1773 ஜனவரி 1 தேதியிட்டு நட்ட ஆறில் மிஞ்சியது இது ஒன்றுதான். அதற்குப் படையலிடவும் ஆள் இல்லை, அழவும் ஆள் இல்லை.

நம் கற்களுக்கும் அந்தக் கதி வரலாம். படையல் நின்ற கல் துவைகல்லாகிறது, வரப்பில் புதைகிறது, சாலை போடும்போது உடைகிறது. படையல் உள்ள கல்லுக்கும் வேறு ஆபத்து: எனாமல் பெயின்ட் பூசி, சிமென்ட் மெழுகி எழுத்தை மூடிவிடுகிறார்கள். அரசு நடத்தும் கல்வராயன்மலை கோடை விழாவில் ஓர் அரங்கை நடுகற்களுக்கு ஒதுக்கலாம். படியெடுத்த எழுத்துகளை மலைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டலாம். உங்கள் ஊர் எல்லையில் வில்லோடு ஓர் ஆள் நிற்கும் கல் இருந்தால், எண்ணெய் வையுங்கள், பூப்போடுங்கள். பெயின்ட் மட்டும் வேண்டாம். படம் பிடித்துத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.