ஆரஞ்சுத் தோட்டங்களைக் காத்த வண்டு

நம் ஊர்களில் பல வீட்டுக் கொல்லைகளில் எலுமிச்சை மரம் ஒன்று நிற்பதைக் காணலாம். செழித்து நின்ற அம்மரத்தின் இலைகளில் ஒருநாள் பிசுபிசுப்பான நீர் கசிகின்றது. அதன்மேல் கரிபூசினாற்போல் கறுப்புப் பூஞ்சணம் படர்கின்றது. கிளைகளில் எறும்புகள் சாரைசாரையாக ஊர்கின்றன. உடனே நாம் மருந்துக் கடையை நோக்கி நடக்கின்றோம். நடப்பதற்குமுன் சிறிது நின்று கேட்கத்தக்க வரலாறு ஒன்று உண்டு. அது நிகழ்ந்த இடம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம்.

அம்மாநிலத்தின் தென்பகுதியில் ஆரஞ்சு வேளாண்மை சிறிதாகத்தான் தொடங்கிற்று. 1841-ஆம் ஆண்டில் வில்லியம் உல்ஃப்ஸ்கில் என்பார் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் விற்பனைக்கென முதல் தோப்பை வைத்தார். 1873-ஆம் ஆண்டில் ரிவர்சைடு என்னும் ஊரில் எலிசா டிபெட்ஸ் என்னும் அம்மையார், வாஷிங்டனிலிருந்து வந்த விதையில்லா ஆரஞ்சுக் கன்றுகள் இரண்டைத் தம் வீட்டருகே நட்டு வளர்த்தார். அவற்றிலிருந்து எடுத்த ஒட்டுகளே பின்னர்ப் பெருந்தோப்புகளாகப் பரவின. இரயில் பாதையும் வந்து சேரவே, பழங்கள் நெடுந்தொலைவிலுள்ள நகரங்களுக்குச் சென்றன. குடியானவர் கையில் பொருள் புரண்டது.

இந்நிலையில்தான் பகை நுழைந்தது. ஆஸ்திரேலியாவுக்குரிய செதிற்பூச்சி ஒன்று, 1868-ஆம் ஆண்டையொட்டி, மென்லோ பார்க் என்னும் ஊரிலிருந்த அக்கேசியா மரங்களில் காணப்பட்டது. பெண்பூச்சி தன் உடலின் பின்புறத்தில் பஞ்சுத் திண்டு போன்ற வெண்ணிறப் பை ஒன்றைச் சுமக்கும். அப்பைக்குள் நூற்றுக்கணக்கான முட்டைகள் இருக்கும். சாற்றை உறிஞ்சி மரத்தை வாட்டும் இப்பூச்சி, 1880-களில் தென்பகுதித் தோப்புகளை வெண்பனி மூடியதுபோல் மூடிவிட்டது. சோப்புக் கரைசலும் எண்ணெய்க் கலவையும் தெளித்தனர், பயன் சிறிதே. மரங்களுக்குக் கூடாரமிட்டு நச்சுவாயுவைச் செலுத்தினர்; செலவு மிகுந்தது. பலர் மனமுடைந்து, தாமே வளர்த்த மரங்களை வெட்டித் தீயிட்டனர்.

அப்போது அமெரிக்க வேளாண்மைத் துறையின் பூச்சியியல் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் சார்லஸ் வாலண்டைன் ரைலி. இப்பூச்சி தன் தாய்நாட்டில் இத்துணை கேடு செய்யவில்லையே, ஏன்? அங்கே அதனை அடக்கும் இயற்கைப் பகைவர் இருத்தல் வேண்டும் என்று அவர் எண்ணினார். ஆனால் துறை அலுவலர் வெளிநாடு செல்வதற்குச் சட்டம் இடந்தரவில்லை. 1888-ஆம் ஆண்டில் மெல்போர்னில் நடந்த பன்னாட்டுக் கண்காட்சிக்கென ஒதுக்கிய பணத்தில் 2,000 டாலரைப் பெற்று, ஆல்பர்ட் கோபலே என்னும் உதவியாளரை அக்கண்காட்சிக் குழுவோடு அனுப்பினார்கள். அவர் 1888 ஆகஸ்டு 25-ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கப்பலேறினார்.

அவர் தேடிச் சென்றது முக்கியமாக ஓர் ஒட்டுண்ணி ஈயை. அதுவும் கிடைத்தது. ஆனால் அக்டோபர் 15-ஆம் நாள் அடிலெய்டு நகரின் வடபகுதியில் ஒரு தோட்டத்தில், சிவப்பும் கறுப்புமான சிறு பொறிவண்டு ஒன்று அச்செதிற்பூச்சியைத் தின்பதைக் கண்டார். வேடாலியா என்று பெயர் பெற்றது அதுவே. பனிக்கட்டி அறையில் வைத்துக் கப்பலில் அனுப்பப்பெற்ற வண்டுகளுள் உயிரோடு சேர்ந்தவை முதல்முறை 28, அடுத்து 44, பின்னர் 57. ஆக 129 மட்டுமே. லாஸ் ஏஞ்சலிஸில் காக்விலெட் என்னும் பூச்சியியலார் அவற்றைப் பெற்று, உல்ஃப்ஸ்கில் தோப்பில் கூடாரமிட்ட மரம் ஒன்றில் விட்டார்.

1889 ஏப்ரலில் கூடாரத்தின் ஒருபுறம் திறக்கப்பட்டது. அம்மரத்தில் உயிருள்ள செதிற்பூச்சியைக் காண்பதே அரிதாயிற்று! சூன் 12-ஆம் நாளுக்குள் 10,555 வண்டுகள் 208 தோட்டக்காரர்களுக்கு வழங்கப்பெற்றன. ஓராண்டுக்குள், லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டத்திலிருந்து ஏற்றுமதியான ஆரஞ்சு 700 இரயில் பெட்டிகளிலிருந்து 2,000 பெட்டிகளாக உயர்ந்தது. நன்றியுள்ள தோட்டக்காரர்கள் கோபலேவுக்குப் பொற்கடிகாரம் பரிசளித்தனர். புகழ் திட்டமிட்டவர்க்கா, தேடிக் கண்டவர்க்கா என்ற பிணக்கும் உடன் எழுந்தது. வண்டுகளோ அதைப் பொருட்படுத்தாமல் தம் பணியைச் செய்துகொண்டிருந்தன.

வரலாறு இத்துடன் முடிந்திருந்தால் அது வெறும் வெற்றிக்கதை. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழிந்து, டி.டி.டி. என்னும் புதிய நஞ்சு வந்தது. வேறு பூச்சிகளை ஒழிக்க அதைத் தெளித்தபோது வேடாலியா மடிந்தது. 1946, 1947-ஆம் ஆண்டுகளில், மறந்துபோன செதிற்பூச்சி மீண்டும் தோப்புகளை வெண்மையாக்கிற்று. காவலனைக் கொன்றபின் கள்வன் வருவது வியப்பன்று. தெளிக்கும் முறையை மாற்றி, வண்டை மீண்டும் கொணர்ந்த பின்னரே நிலைமை சீராயிற்று.

இவ்வரலாறு நமக்குத் தொலைவானதும் அன்று. 1928-ஆம் ஆண்டில் நம் நீலகிரியில், சீகை மரம் என்று வழங்கும் வாட்டில் மரங்களில் இதே செதிற்பூச்சி காணப்பட்டது. அங்கும் வேடாலியா வண்டு தருவிக்கப்பெற்று விடப்பட்டது.

ஆயினும் ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். வேடாலியா இவ்வினச் செதிற்பூச்சியையே நாடுவது. எல்லாப் பூச்சிக்கும் அது மருந்தாகாது. நம் எலுமிச்சையைத் தாக்கும் அசுவினிக்கும் வேறு செதிற்பூச்சிகளுக்கும் வேறு பகைவர்கள் உண்டு. பொறிவண்டின் புழு அழகற்றது. அதனைத் தீய பூச்சியென்று எண்ணி நசுக்குவோர் பலர். இனிப்பு நீருக்காகச் செதிற்பூச்சியைக் காக்கும் எறும்புகளை மரத்தில் ஏறவொட்டாமல் தடுப்பதும், பூச்சி மொய்த்த சிறுகிளையை வெட்டி அகற்றுவதும், இலைகளை நீரால் கழுவுவதும் முதற்பணிகள். மருந்தை நாடுவது அதற்குப்பின்.

ஆகவே நாளைக் காலையில் கொல்லைக்குச் செல்லுங்கள். இலையைத் திருப்பிப் பாருங்கள். அங்கே இருப்பவருள் பகைவர் யார், நண்பர் யார் என்று அறிந்த பின்னரே கையை ஓங்குங்கள்.